சீரியல் கன்சோல் சர்வர்

சீரியல் கன்சோல் சர்வர் என்பது ரவுட்டர், ஸ்விட்ச், ஃபயர்வால் முதலிய கருவிகளின் கன்சோல் போர்ட்டுகளை ஒரே பெட்டியில் சேர்த்து, அவற்றைத் தொலைவிலிருந்து இயக்க வழி செய்யும் சாதனம். டெர்மினல் சர்வர் என்ற பழைய பெயரும் இன்னும் புழக்கத்தில் உண்டு. ஒரு பக்கம் 4 முதல் 48 வரை சீரியல் போர்ட்டுகளும் மறுபக்கம் ஈதர்நெட் போர்ட்டும் இருப்பது வழக்கம். நிர்வாகி எஸ்.எஸ்.எச். மூலம் இந்தப் பெட்டிக்குள் நுழைந்து ஒரு போர்ட்டைத் தேர்ந்தெடுத்தால், அந்த ரவுட்டரின் பக்கத்திலேயே மடிக்கணினியோடு உட்கார்ந்து கேபிளைச் செருகியவருக்கு என்ன தெரியுமோ அதுவே இவருக்கும் தெரியும்.

அன்றாட நிர்வாகத்துக்குக் கருவியின் ஐ.பி. முகவரி போதும். முகவரி தவறாகப் பதிந்தாலோ, அணுகல் பட்டியலில் ஒரு வரி பிசகினாலோ, புதிய மென்பொருள் சரியாக ஏறாமல் கருவி பூட்லோடரில் நின்றுவிட்டாலோ அந்த வழி அடைபடும். கன்சோல் போர்ட்டுக்கு முகவரியும் வேண்டாம், ரவுட்டிங்கும் வேண்டாம். மின்சாரம் வந்த சில விநாடிகளிலேயே அது பேசத் தொடங்கிவிடும்.

கன்சோல் சர்வரின் விலை கிட்டத்தட்ட இலவசத்தில் தொடங்கிச் சில ஆயிரம் டாலர் வரை போகிறது. போர்ட் எண்ணிக்கையும் நிறுவனத்தின் பெயரும்தான் விலையை ஏற்றுகின்றன. நெருக்கடி நாளில் கைகொடுப்பவை வேறு இரண்டு. ஒன்று, பிரதான நெட்வொர்க்கைச் சாராத தனி வழி. மற்றொன்று, யாரும் இணைந்திராத நேரத்திலும் கன்சோலில் வந்த ஒவ்வொரு வரியையும் பதிந்து வைக்கும் ஏற்பாடு. சிக்கனமாக வாங்க நினைப்பவர் இவ்விரண்டையும் விட்டுக்கொடுக்காமல், மற்ற எல்லாவற்றிலும் கை இறுக்கலாம்.

தனி வழி

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஆகியவை ஏறத்தாழ 6 மணி நேரம் முடங்கின. பராமரிப்பு வேலையின்போது கொடுக்கப்பட்ட ஒரு கட்டளை, தரவு மையங்களை இணைக்கும் நெட்வொர்க்கைத் துண்டித்தது. அதைத் தொடர்ந்து டி.என்.எஸ். சர்வர்கள் தம் பி.ஜி.பி. அறிவிப்புகளைத் தாமாகவே விலக்கிக்கொண்டன. பிரதான வழியும் மாற்று நிர்வாக வழியும் சேர்ந்தே படுத்துவிட்டதால் பொறியாளர்களை நேரில் அனுப்ப வேண்டியதாயிற்று என்று நிறுவனமே பின்னர் விளக்கியது. 2022 ஜூலை 8 அன்று கனடாவின் ரோஜர்ஸ் நிறுவனத்துக்கும் இதே கதி. அதன் நிர்வாக நெட்வொர்க், பழுதான அதே ஐ.பி. மைய நெட்வொர்க்கைச் சார்ந்திருந்தது. எந்த ரவுட்டர் கெட்டது என்று பார்க்கவே வழியில்லாமல் போனது.

சிறிய அலுவலகத்துக்கும் கணக்கு இதுதான். 48 போர்ட் கொண்ட விலையுயர்ந்த கன்சோல் சர்வரை வாங்கி, அதன் ஈதர்நெட் கேபிளைக் கண்காணிக்கப்படும் அதே ஸ்விட்சில் செருகிவிட்டால், அந்த ஸ்விட்ச் படுக்கும் நாளில் முதலீடு முழுவதும் வீண். வேறொரு நிறுவனத்தின் எளிய பிராட்பேண்ட் இணைப்பு, பக்கத்து நிறுவனத்தோடு பரஸ்பரம் பகிரும் ஒரு போர்ட், அல்லது சிம் கார்டு போட்ட மோடம் என ஏதாவது ஒரு தனி வழி வேண்டும். முன்பு இந்த வேலையைத் தொலைபேசி இணைப்பும் டயல்-அப் மோடமும் செய்தன. இப்போது 4ஜி செய்கிறது.

இந்தியாவில் சிம் வழியை நம்புகிறவர் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, பழைய கன்சோல் சர்வர்களில் உள்ள 3ஜி மோடம். ஏர்டெல் தன் 3ஜி சேவையை 2020இல் நிறுத்திவிட்டது; ஜியோ தொடக்கம் முதலே 3ஜி இல்லாத நிறுவனம். பழைய சந்தையில் "செல்லுலார் வசதியுடன்" என்று விற்கப்படும் பெட்டியின் மோடம் எந்தத் தலைமுறை என்று கேட்காமல் அதற்காகக் கூடுதல் பணம் தரக்கூடாது. இரண்டாவது, சாதாரண சிம்முக்குக் கிடைப்பது பொது ஐபிவி4 முகவரி அன்று. ஆயிரக்கணக்கானோர் பகிரும் முகவரிக்குப் பின்னால் அது ஒளிந்திருக்கும். வெளியிலிருந்து அதைக் கூப்பிட முடியாது. கன்சோல் சர்வர்தான் உள்ளிருந்து வெளியே ஒரு வி.பி.என். இணைப்பை ஏற்படுத்தி, அதைத் திறந்தபடியே வைத்திருக்க வேண்டும். 2020இல் லினக்ஸ் கெர்னல் 5.6இல் சேர்க்கப்பட்ட வயர்கார்டு இதற்கு மிகப் பொருத்தம். மூடிய மென்பொருள் கொண்ட பழைய பெட்டிகளில் அது வராது. அப்படிப்பட்ட பெட்டிக்கு முன்னால் வயர்கார்டு தெரிந்த ஒரு சிறிய 4ஜி ரவுட்டரை வைத்துவிட்டால் தீர்ந்தது.

சீரியல் இணைப்பு வேலை செய்யும் விதம்

கன்சோல் போர்ட்டுகள் பின்பற்றுவது ஆர்.எஸ்.-232 தரநிலை. 1960இல் அமெரிக்க மின்னணுத் தொழில் கூட்டமைப்பு இதை வெளியிட்டது. நீண்டகாலம் புழங்கிய 'சி' திருத்தம் 1969இல் வந்தது. கம்பியில் மைனஸ் 3 முதல் மைனஸ் 15 வோல்ட் வரை இருந்தால் அது 1. பிளஸ் 3 முதல் பிளஸ் 15 வரை இருந்தால் 0. யாரும் பேசாத நேரத்தில் கம்பி மைனஸில் நிற்கும். ராஸ்பெர்ரி பை போன்ற பலகைகளின் சீரியல் முனைகள் 3.3 வோல்ட்டில் இயங்குபவை. அவற்றை நேராகக் கன்சோல் போர்ட்டோடு இணைத்தால் பலகை கெடும். மேக்ஸ்3232 போன்ற ஒரு வோல்ட்டேஜ் மாற்றி சிப் நடுவில் வேண்டும்.

பெரும்பாலான கருவிகளின் தொடக்க அமைப்பு 8 தரவு பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். வேகம் மட்டும் மாறுபடும். சிஸ்கோ, ஜூனிப்பர், அரிஸ்டா, ஃபோர்ட்டிநெட் கருவிகளில் 9,600. மைக்ரோடிக் ரவுட்டர்களிலும் லினக்ஸ் ஓடும் பல ஸ்விட்சுகளிலும் 1,15,200. ஒரு எழுத்துக்கு ஸ்டார்ட், ஸ்டாப் சேர்த்து 10 பிட் செலவாவதால் 9,600 வேகத்தில் விநாடிக்கு 960 எழுத்துகள் போகும். கட்டளை தட்டுவதற்கு இது தாராளம். ஃபிளாஷ் நினைவகம் அழிந்துபோன கருவிக்கு 16 மெகாபைட் மென்பொருளை எக்ஸ்மோடம் முறையில் ஏற்ற 5 மணி நேரம் பிடிக்கும். வேகத்தை 1,15,200க்கு உயர்த்தினால் அதே வேலை அரை மணிக்குள் முடியும். விற்பனைத் தாளில் 2,30,400 என்று எழுதியிருப்பதற்காக அதிக விலை கொடுக்கத் தேவையில்லை. 1,15,200 வரை ஒழுங்காக வந்தால் போதும்.

இந்தக் குறைந்த வேகத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. சிஸ்கோவின் பழைய கருவிகளில் பிழைத்திருத்தச் செய்திகள் முழுவதையும் கன்சோலுக்கு அனுப்பும்படி விட்டால், ஒவ்வோர் எழுத்துக்கும் மையச் செயலியை நிறுத்தி நிறுத்தி அனுப்ப வேண்டியிருப்பதால், ரவுட்டரே திணறி நின்றுவிடும். ஆகவே முக்கியமான செய்திகள் மட்டும் கன்சோலுக்குப் போகும்படி அமைப்பது நல்லது. முற்றிலும் நிறுத்துவதும் தவறு. கருவி விழும் தறுவாயில் கடைசியாகச் சொல்லும் சொற்கள் சிஸ்லாக் சர்வருக்குப் போய்ச் சேருவதில்லை, கன்சோலில்தான் விழுகின்றன.

கேபிள்

மலிவாகக் கிடைத்ததென்று கன்சோல் சர்வரை வாங்கியவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது கேபிளில்தான். ஆர்.எஸ்.-232 தரநிலை 25 முனைக் கனெக்டரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 1984இல் ஐ.பி.எம். பி.சி. ஏ.டி. கணினியோடு வந்த 9 முனைக் கனெக்டர் பிற்பாடு பரவியது. இன்று எல்லோரும் பயன்படுத்தும் 8 முனை ஆர்.ஜே.45 போர்ட்டில் எந்த முனைக்கு எந்த வேலை என்பதில் எல்லோரும் ஒத்துக்கொண்ட ஏற்பாடு இல்லை. சிஸ்கோ ஒருவிதம், சைக்ளேட்ஸ் ஒருவிதம், மோக்ஸா ஒருவிதம்.

சிஸ்கோவின் கன்சோல் போர்ட்டில் 3ஆம் முனை அனுப்பும், 6ஆம் முனை பெறும். நடுவிலுள்ள 4, 5 இரண்டும் தரை. இந்த அமைப்பின் அழகு அதன் சமச்சீரில் இருக்கிறது. கேபிளின் ஒரு நுனியை முழுவதுமாகத் திருப்பிக் கிரிம்ப் செய்தால் 1 போய் 8இல் சேரும், 2 போய் 7இல், 3 போய் 6இல். அனுப்புவது பெறுவதோடு சேர்ந்துவிடும், தரை தரையோடு சேரும். இதுவே ரோல்ஓவர் கேபிள். வெளிர் நீல நிறத்தில் தட்டையாகச் சிஸ்கோ பெட்டிகளோடு வந்தது இந்த வகைதான். ஈதர்நெட் கிராஸ்ஓவர் கேபிள் இதற்கு மாற்றாகாது. அதில் 1, 3 முனைகளும் 2, 6 முனைகளும் மட்டும் இடம் மாறும்.

சில நிறுவனங்கள் தம் கன்சோல் சர்வரின் போர்ட்டையே சிஸ்கோ அமைப்பின் கண்ணாடிப் பிம்பமாக வைத்துவிட்டன. அவற்றிலிருந்து சிஸ்கோ கருவிக்குச் சாதாரண நேர் ஈதர்நெட் பேட்ச் கேபிளே போதும். ஓபன்கியர் கருவிகளில் இவ்வகைக்கு எக்ஸ்2 என்றும், பழைய சைக்ளேட்ஸ் ஏற்பாட்டுக்கு எக்ஸ்1 என்றும் பெயர். போர்ட்டின் முனை அமைப்பை மென்பொருளிலேயே மாற்றிக்கொள்ளும் வசதி புதிய மாதிரிகளில் வந்துவிட்டது. வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: நேர் கேபிளா, ரோல்ஓவரா, அல்லது தனி அடாப்டரா? ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஓர் அடாப்டர் என்றால் 32 போர்ட் பெட்டியின் அடாப்டர் செலவு, பழைய பெட்டியின் விலையையே தாண்டிவிடக்கூடும். கிரிம்பிங் கருவி கையில் உள்ளவருக்கு இந்தக் கவலை இல்லை. சென்னை ரிச்சி தெருவில் கனெக்டர்கள் மொத்தமாகவே கிடைக்கின்றன.

சீரியல் கேபிளும் ஈதர்நெட் கேபிளும் ஒரே உருவில் இருப்பதால் நிறம் மாற்றி வைப்பது அவசியம். தரநிலைப்படி மின்சாரம் தரும் பி.ஓ.இ. ஸ்விட்சுகள் எதிர்முனையைச் சோதித்த பிறகே மின்சாரத்தை விடுகின்றன. சோதிக்காமலே விடும் 'பாசிவ்' இன்ஜெக்டரில் கன்சோல் கேபிளைச் செருகினால் சீரியல் சிப் எரியும். ஏ.பி.சி. நிறுவனத்தின் ஸ்மார்ட்-யு.பி.எஸ். மாதிரிகள் பலவற்றின் 9 முனைப் போர்ட் வேறு வகைப் பொறி. சாதாரண சீரியல் கேபிளைச் செருகினால் யு.பி.எஸ். தன்னை அணைத்துக்கொள்ளக்கூடும், ரேக் முழுவதும் இருண்டுபோகும். அதற்கென்றே 940-0024 வரிசைக் கேபிள் உண்டு.

நீளத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. பழைய தரநிலை 50 அடி என்றது. பிந்தைய திருத்தங்கள் நீளத்தை விட்டுவிட்டுக் கேபிளின் மின்தேக்குதிறனை 2,500 பிகோஃபாரட் என வரையறுத்தன. 9,600 வேகத்தில் நல்ல கேபிள் அதைவிடத் தூரம் போகும்.

தோற்றமும் வளர்ச்சியும்

இந்தக் கருவிகள் முதலில் எதிர்த்திசையில் வேலை செய்தவை. 1980களில் டிஜிட்டல் ஈக்விப்மென்ட் நிறுவனத்தின் டெக்சர்வர் போன்ற பெட்டிகள், மேசை மேசையாக இருந்த டெர்மினல்களை ஈதர்நெட் வழியே பெரிய கணினிக்குக் கொண்டுசென்றன. சீரியலிலிருந்து நெட்வொர்க்குக்கு என்ற அந்தப் போக்கைத் தலைகீழாக்கினால் கன்சோல் சர்வர். சிஸ்கோவில் இதற்கு ரிவர்ஸ் டெல்நெட் என்ற பெயர் வந்ததும் அதனால்தான். 2,000 என்ற எண்ணோடு லைன் எண்ணைக் கூட்டி, அந்த டி.சி.பி. போர்ட்டில் இணைந்தால் அந்த சீரியல் லைனுக்குப் போகலாம். 3ஆம் லைனுக்கு 2003.

1990களில் டயல்-அப் இணையம் கொடுக்க வந்த சிஸ்கோ 2509, 2511 ரவுட்டர்கள் முறையே 8, 16 சீரியல் லைன்கள் கொண்டவை. 68 முனை கொண்ட ஒரு பெரிய கனெக்டரிலிருந்து எட்டுக் கால்களாகப் பிரியும் ஆக்டோபஸ் கேபிள் அவற்றின் அடையாளம். டயல்-அப் ஓய்ந்தபின் அவை கன்சோல் சர்வர்களாக மறுபிறவி எடுத்தன. சிஸ்கோ தேர்வுகளுக்குப் படிப்போரின் வீட்டு ஆய்வகங்களில் அவை நெடுநாள் இருந்தன.

லினக்ஸில் ஓடும் தனிக் கருவியாகக் கன்சோல் சர்வரை நிலைநிறுத்தியதில் சைக்ளேட்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த நிறுவனத்தை 2006இல் அவோசென்ட் வாங்கியது. அவோசென்டை 2009இல் எமர்சன் வாங்கியது. அந்தப் பிரிவே 2016 முதல் வெர்டிவ். ஏ.சி.எஸ். என்ற கருவி வரிசை இத்தனை கைமாறியும் பெயர் மாறவில்லை. ஆஸ்திரேலியாவில் வேர்கொண்ட ஓபன்கியர் 2004இல் தொடங்கி, 2019இல் டிஜி இன்டர்நேஷனலிடம் போனது. லான்ட்ரானிக்ஸ், பெர்லே, ராரிட்டன், மோக்ஸா ஆகியவையும் இத்துறையில் தெரிந்த பெயர்கள். கைமாற்றங்களால் வாங்குபவருக்கு நேரும் சிக்கல் ஒன்று உண்டு: பழைய மாதிரியின் ஃபர்ம்வேர் எந்தத் தளத்தில் கிடைக்கிறது என்று தேடித் திரிய வேண்டியிருக்கும். பெட்டியை வாங்குமுன் ஃபர்ம்வேர் கிடைக்கிறதா என்று பார்த்துவிடுவது உத்தமம்.

மலிவான வழிகள்

பணமே செலவில்லாத வழியை முதலில் சொல்லிவிடலாம். பழைய சிஸ்கோ ரவுட்டர்கள் பலவற்றில் ஆக்ஸ் என்றொரு போர்ட் உண்டு. இரண்டு ரவுட்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், ஒன்றின் ஆக்ஸிலிருந்து மற்றதன் கன்சோலுக்கு ஒரு ரோல்ஓவர் கேபிள், எதிர்த்திசையில் இன்னொன்று. ஒன்று படுத்தால் மற்றது வழியாகப் போகலாம். இரண்டும் சேர்ந்து படுத்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. இரண்டே கருவிகள் உள்ள கிளை அலுவலகத்துக்கு இது போதும்.

அடுத்து, போர்ட் எண்ணிக்கையைச் சரியாகக் கணக்கிடுவது. ரேக்கில் உள்ள ஒவ்வொரு பெட்டிக்கும் சீரியல் போர்ட் தேவைப்படாது. பி.எம்.சி. உள்ள சர்வர்களுக்கு அதன் வழியே கன்சோல் கிடைத்துவிடும். ஸ்டாக் செய்யப்பட்ட ஸ்விட்சுகளில் எந்த உறுப்பின் கன்சோலில் நுழைந்தாலும் தலைமை ஸ்விட்சின் கட்டளை வரிக்குப் போகலாம். பாதுகாப்புக்கு இரண்டு உறுப்புகளை இணைத்தால் போதும். இரட்டைச் சூப்பர்வைசர் உள்ள பெரிய ஸ்விட்சுக்கு மட்டும் இரண்டு போர்ட் கட்டாயம். 40 பெட்டி உள்ள இடத்தில் இப்படிக் கழித்துப் பார்த்தால், 48 போர்ட் தேவை என்று நினைத்தது 16இல் வந்து நிற்பது அரிதல்ல.

நான்கைந்து கருவிகள் மட்டும் இருந்தால், ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியும் யு.எஸ்.பி. சீரியல் மாற்றிகளும் நல்ல சேர்க்கை. எஃப்.டி.டி.ஐ. நிறுவனத்தின் எஃப்.டி.4232எச் போன்ற ஒரே சிப் நான்கு சீரியல் போர்ட் தரும். மலிவு மாற்றிகளில் போலிச் சிப்புகள் மலிந்திருக்கின்றன. 2014 அக்டோபரில் எஃப்.டி.டி.ஐ. வெளியிட்ட விண்டோஸ் டிரைவர், போலிகளின் அடையாள எண்ணைப் பூச்சியமாக மாற்றி அவற்றைச் செயலிழக்க வைத்தது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு அது திரும்பப் பெறப்பட்டது. லினக்ஸில் அந்தத் தொல்லை இல்லை, வேறொன்று உண்டு. மாற்றிகளுக்குக் கிடைக்கும் வரிசை எண் மறுதொடக்கத்தில் மாறக்கூடும். நேற்று ரவுட்டருக்குப் போன போர்ட் இன்று ஃபயர்வாலுக்குப் போகும். தவறான கருவியில் 'ரீலோட்' தட்டிவிட்டால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. சிப்பில் தனி வரிசை எண் இருந்தால் அதை வைத்து யூடெவ் விதி எழுதி நிலையான பெயர் கொடுக்கலாம். சி.எச்.340 போன்ற மலிவுச் சிப்புகளில் தனி எண் இல்லாததால், எந்த யு.எஸ்.பி. துளையில் செருகியிருக்கிறது என்பதை வைத்தே பெயரிட வேண்டும். அப்போது கேபிளை யாரும் இடம் மாற்றக்கூடாது.

சிறு கணினியின் பலவீனம் அதன் எஸ்.டி. கார்டு. இடைவிடாமல் பதிவெழுதினால் கார்டு தேயும். இயங்குதளத்தைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிட்டு, பதிவுகளை எஸ்.எஸ்.டி.க்கு அனுப்பினால் ஆயுள் கூடும். யு.எஸ்.பி. துளை உள்ள மைக்ரோடிக் ரவுட்டர் ஏற்கெனவே இருந்தால் தனிக் கணினியும் தேவையில்லை. ரவுட்டர்ஓ.எஸ். இத்தகைய மாற்றிகளை அடையாளம் கண்டு, ஆர்.எஃப்.சி. 2217 முறையில் வெளியே பகிரும். டெல்நெட் வழியாகவே சீரியல் வேகத்தையும் சமிக்ஞைகளையும் மாற்ற உதவும் அந்தத் தரநிலை 1997இல் வந்தது.

எட்டு முதல் 32 கருவிகள் வரை உள்ள இடங்களுக்குப் பழைய சந்தையில் கிடைக்கும் லினக்ஸ் அடிப்படையிலான கன்சோல் சர்வரே இக்கட்டுரையின் பரிந்துரை. நகரும் பாகங்கள் குறைவு, மின்சாரம் அதிகம் குடிக்காது, பத்து வருடம் ஓடிய பெட்டி இன்னும் பத்து வருடம் ஓடும். சிஸ்கோ 2511ஐ இன்று வாங்குவது வீண். அதன் ஈதர்நெட் 10 மெகாபிட்; ஏ.யு.ஐ. கனெக்டருக்குத் தனி டிரான்சீவர் தேட வேண்டும். யாரும் இணையாதபோது வரும் செய்திகளை அது எங்கும் சேமிக்காது. சிஸ்கோதான் வேண்டும் என்பவர் 2800 அல்லது 2900 வரிசை ரவுட்டரில் எச்விக்-16ஏ கார்டைப் பொருத்தலாம். அப்போது சீரியல் லைன்களில் 'நோ எக்ஸெக்' கட்டளை போட மறக்கக்கூடாது. போடாவிட்டால், எதிர்முனைக் கருவி அனுப்பும் பயனர்பெயர்க் கேள்வியை யாரோ உள்நுழைய முயல்வதாக இந்த ரவுட்டர் எடுத்துக்கொண்டு பதில் கேள்வி கேட்கும். இரண்டு இயந்திரங்களும் ஓயாமல் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டிருக்கும், நிர்வாகி நுழையப் பார்த்தால் லைன் பிஸி.

தொழிற்சாலைகளுக்கென விற்கப்படும் சீரியல்-ஈதர்நெட் மாற்றிகளும் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றின் எளிய மாதிரிகளில் மறையாக்கம் கிடையாது. கடவுச்சொல் வெறும் எழுத்தாகக் கம்பியில் போகும். நடுவில் ஒரு லினக்ஸ் கணினியை வைத்து, மாற்றி அதோடு மட்டும் பேசும்படி அமைக்க முடிந்தால் வாங்கலாம்.

பதிவு, பிரேக், அமர்வு

பதிவு வைப்பதற்குக் கன்சர்வர் என்ற திறமூல நிரல் இன்றும் நல்ல தேர்வு. 1990இல் ஓஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டாம் ஃபைன் எழுதியதில் தொடங்கிப் பலர் கைபட்டு வளர்ந்தது அது. எல்லாப் போர்ட்டுகளையும் எப்போதும் பிடித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் கோப்பில் எழுதும். ஒருவர் தட்டச்சு செய்ய, மற்றவர்கள் அதே திரையைப் பார்க்கலாம். பெட்டியில் பதிவு வசதி இல்லாவிட்டாலும், வேறொரு கணினியில் கன்சர்வரை ஓட்டி அந்தக் குறையைத் தீர்த்துவிடலாம். போர்ட்டை நெட்வொர்க்கில் திறந்துவிட மட்டும் போதுமென்றால் செர்2நெட் இன்னும் எளிது.

பிரேக் சமிக்ஞை என்பது ஓர் எழுத்துக்குரிய நேரத்தைவிட அதிக நேரம் கம்பியைப் பிளஸ் பக்கம் பிடித்து வைப்பது. சிஸ்கோ ரவுட்டரைத் தொடங்கியதும் முதல் ஒரு நிமிடத்துக்குள் இதை அனுப்பினால் ராம்மான் என்ற அடிநிலைக்குப் போகும். மறந்துபோன கடவுச்சொல்லை மீட்பது அங்கிருந்துதான். ஆகவே கன்சோல் சர்வர் பிரேக் அனுப்பத் தெரிந்ததாக இருக்க வேண்டும், கேட்காமல் அனுப்பாததாகவும் இருக்க வேண்டும். பழைய சன் சர்வர்கள் இந்த இரண்டாவது விஷயத்தில் பலரை அழவைத்தன. டெர்மினல் சர்வரை அணைத்துப் போட்டால் கம்பியில் ஏற்படும் வோல்ட்டேஜ் மாற்றத்தைப் பிரேக் என்று எடுத்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்த சர்வர் அப்படியே நின்று 'ஓகே' என்று காத்திருக்கும். 'சொலாரிஸ் சேஃப்' என்று பழைய விற்பனைத் தாள்களில் காணப்படும் வாசகம் இதைத்தான் குறிக்கிறது. சன் கருவிகள் இல்லாத இடத்தில் அதற்கு மதிப்பில்லை.

அமர்வு விஷயம் பலர் கண்ணில் படுவதில்லை. நிர்வாகி ஒருவர் ரவுட்டரில் முழு அதிகாரத்தோடு நுழைந்துவிட்டு, வெளியேறாமல் எஸ்.எஸ்.எச். சாளரத்தை மட்டும் மூடினால், ரவுட்டரைப் பொறுத்தவரை கன்சோலில் அவர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார். அடுத்து அந்தப் போர்ட்டைத் திறப்பவருக்குக் கடவுச்சொல் கேட்காமலே முழு அதிகாரம் கிடைக்கும். கருவிகளின் கன்சோலில் பத்து நிமிட நேர வரம்பு வைப்பது இதற்கு மருந்து. சௌகரியத்துக்காக அந்த வரம்பைப் பூச்சியமாக்கி வைக்கும் பழக்கம் நிறைய இடங்களில் உண்டு.

பழைய பெட்டியின் பாதுகாப்பு

கன்சோல் சர்வரைப் பிடித்தவர் ரேக்கில் உள்ள எல்லாவற்றையும் பிடித்தவர் ஆவார். 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனின் மின் விநியோக நிறுவனங்களைத் தாக்கியவர்கள், மின்சாரத்தை நிறுத்தியதோடு நிற்காமல் துணை மின்நிலையங்களில் இருந்த சீரியல்-ஈதர்நெட் மாற்றிகளின் ஃபர்ம்வேரையும் அழித்து எழுதினார்கள். தொலைவிலிருந்து மீட்கும் வழியை அடைப்பதே அதன் நோக்கம். ஊழியர்கள் நேரில் போய்க் கையால் பிரேக்கர்களைப் போட வேண்டியிருந்தது.

பழைய பெட்டிகளின் எஸ்.எஸ்.எச். இன்றைய கணினிகளோடு ஒத்துப்போகாமல் மல்லுக்கு நிற்கும். ஓபன்எஸ்.எஸ்.எச். 2015இல் வந்த 7.0 பதிப்பில் பழைய சாவிப் பரிமாற்ற முறை ஒன்றையும், 2021இல் வந்த 8.8 பதிப்பில் ஷா-1 சார்ந்த ஆர்.எஸ்.ஏ. கையொப்பத்தையும் தானாக ஏற்பதை நிறுத்தியது. தனி விருப்பத்தேர்வுகள் கொடுத்து நுழையலாம். அப்படி நுழைய வேண்டிய பெட்டியை இணையத்தின் பக்கம் காட்டக்கூடாது, வி.பி.என்.னுக்குப் பின்னால்தான் அதன் இடம். ஜாவா ஆப்லெட்டை மட்டும் நம்பிய வலைப்பக்கங்களை இன்றைய உலாவிகள் திறப்பதில்லை. ஆகவே கட்டளை வரியிலேயே எல்லாம் செய்ய முடிகிற மாதிரியாகப் பார்க்க வேண்டும். முந்தைய உரிமையாளரின் கடவுச்சொல் தெரியாவிட்டால் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பும் வழி உண்டா என்பதையும் வாங்குமுன்பே அறிந்துகொள்வது நலம்.

யு.எஸ்.பி. கன்சோல்

புதிய ஸ்விட்சுகளில் ஆர்.ஜே.45 போர்ட்டோடு மினி, மைக்ரோ அல்லது சி வகை யு.எஸ்.பி. கன்சோலும் வருகிறது; சிலவற்றில் யு.எஸ்.பி. மட்டுமே. சிஸ்கோ ஸ்விட்சுகளில் இரண்டும் செருகப்பட்டிருந்தால் யு.எஸ்.பி.க்கே முன்னுரிமை. யாரோ மடிக்கணினிக் கேபிளை மறந்து செருகியபடி விட்டுப்போனால், தொலைவிலிருந்து கன்சோல் சர்வர் வழியே வருபவருக்குத் திரை தெரியும், தட்டச்சு ஏறாது. செயலற்ற நேர வரம்பு ஒன்றை அமைத்தால் கட்டுப்பாடு ஆர்.ஜே.45 பக்கம் தானாகத் திரும்பும்.

யு.எஸ்.பி. கனெக்டருக்குக் கொக்கி கிடையாது. ரேக்கில் ஒரு கேபிளை இழுத்தால் இன்னொன்று கழன்றுவிடும். கருவி மறுதொடக்கம் ஆகும்போது சில மாதிரிகளில் யு.எஸ்.பி. இணைப்பே அறுந்து மீண்டும் உருவாவதால், பூட்லோடரின் முதல் வரிகள் பதிவில் விழாமல் போகும். இரண்டு வகையும் உள்ள ஸ்விட்சில் ஆர்.ஜே.45ஐயே கன்சோல் சர்வருக்குக் கொடுத்து, யு.எஸ்.பி.யை நேரில் வருபவருக்கு விட்டுவைப்பது நடைமுறை. யு.எஸ்.பி. மட்டும் உள்ள கருவிகள் பெருகும் இடத்தில், சீரியல் போர்ட்டுகள் நிறைந்த பெரிய பெட்டியைவிட, யு.எஸ்.பி. ஹப்பும் சிறு லினக்ஸ் கணினியும்தான் இனி மலிவு.